தீராத கொலை வழக்கைப் பற்றி வாதம் பண்ணுவது எப்படி

விடிய விடிய உட்கார்ந்து ஒரு ஆவணத் தொடரைப் பார்த்து முடித்த சூட்டில் "அவன் நிரபராதி, சத்தியமாக" என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். மறுநாள் தீர்ப்பைத் தேடி எடுத்துப் படித்தபோதுதான், தொடரில் தலைகாட்டாத சாட்சிகள் எத்தனை பேர் என்று தெரிந்தது. எழுதியதை அழிக்கலாமா விடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அந்த அவமானத்துக்கு அப்புறம் நான் கடைப்பிடிக்கிற சில வழக்கங்களைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்வது. கொன்றது யார் என்பது ஒரு கேள்வி. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தார்களா என்பது வேறு. விசாரணை ஒழுங்காக நடந்ததா என்பது மூன்றாவது. பாதிச் சண்டைகளில் ஒருவர் முதல் கேள்விக்கும் இன்னொருவர் மூன்றாவதுக்கும் பதில் சொல்லிக்கொண்டு, ஒருவரையொருவர் முட்டாள் என்று திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அத்னான் சையத் வழக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் 1999 ஜனவரி 13 அன்று ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி காணாமல் போகிறார், சில வாரங்கள் கழித்து ஒரு பூங்காவில் புதைக்கப்பட்ட நிலையில் சடலம் கிடைக்கிறது. அவருடைய முன்னாள் காதலர் சையத்துக்கு அப்போது 17 வயது. 2000-இல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2014-இல் வந்த ஒரு பாட்காஸ்ட்டால் உலகம் முழுக்கப் பேச்சு. 2016-இல் ஒரு நீதிபதி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார், 2019-இல் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் அது வேண்டாம் என்றது. 2022-இல் அரசுத் தரப்பே கேட்டுக்கொண்டதால் தீர்ப்பு ரத்தாகி அவர் வெளியே வந்தார். 2023-இல் அந்த ரத்தும் ரத்தானது, ஏனென்றால் நேரில் வந்து கலந்துகொள்ள இறந்த பெண்ணின் குடும்பத்துக்குப் போதிய அவகாசம் கொடுக்கவில்லையாம். 2024-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025 மார்ச்சில், சிறார் வயதில் குற்றம் செய்தவர்களுக்கான சட்டத்தின் கீழ், இதுவரை அனுபவித்த தண்டனையே போதும் என்று விட்டுவிட்டார்கள். குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. இத்தனை திருப்பங்களில் எதையாவது காட்டி "பார்த்தீர்களா, அவன் செய்யவில்லை" என்றோ "பார்த்தீர்களா, செய்தான்" என்றோ சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு கட்சியும் பட்டாசு வெடித்தது.

அடுத்தது, ஒரு தாள் எடுங்கள். நாலு கட்டம் போடுங்கள்: நேரம், யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது, அதோடு ஒத்துப்போகிற வேறு ஆதாரம். மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. சம்பவம் நடந்த வாரத்தில் சொன்னதும் ஒரு வருஷம் கழித்துக் கூண்டில் ஏறிச் சொன்னதும் ஒரே எடை இல்லை; நடுவில் போலீஸ் என்ன காட்டியது, செய்தியில் என்ன வந்தது என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

சையத் வழக்குக்கு அந்தத் தாளை நான் போட்டிருக்கிறேன். அரசுத் தரப்பின் தூண், புதைக்க உதவினேன் என்று ஒப்புக்கொண்ட ஒரு நண்பரின் சாட்சியம். அவர் கதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறியது, சையத் கட்சிக்காரர்கள் இதைத்தான் பிடித்துத் தொங்குவார்கள். சரி. ஆனால் இறந்த பெண்ணின் கார் நின்ற இடத்தைப் போலீஸுக்குக் காட்டியதும் அவர்தான், அதற்குப் பதில் சொல்லாமல் தாண்டக் கூடாது. அந்த மாலை 7:09-க்கும் 7:16-க்கும் சையத்தின் போனுக்கு வந்த இரண்டு அழைப்புகள், பூங்காவை எட்டும் கோபுரம் வழியாக வந்தவை. கேட்டால் கதை முடிந்தது என்று தோன்றும். ஆனால் போன் கம்பெனி அந்தப் பட்டியலோடு அனுப்பிய ஃபேக்ஸின் முகப்புத் தாளிலேயே ஒரு வரி இருக்கிறது: வெளியே போகும் அழைப்புகளை வைத்துத்தான் இடத்தைக் கணிக்கலாம், உள்ளே வரும் அழைப்புகளை நம்ப முடியாது என்று. 2016 உத்தரவுக்குக் காரணமே இந்த வரிதான். இப்படி உங்கள் கட்சிக்குக் கசக்கிற ஆதாரத்தையும் தாளில் ஏற்றவில்லை என்றால், நீங்கள் வக்கீல் வேலை பார்க்கிறீர்கள், அதுவும் சம்பளம் இல்லாமல்.

முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை உடனே விடுங்கள். 1980 ஆகஸ்ட் 17 இரவு, ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைக்குப் பக்கத்தில் முகாமிட்டிருந்த லிண்டி சேம்பர்லெய்னின் ஒன்பது வாரக் குழந்தை அசேரியா காணாமல் போனது. டிங்கோ, அதாவது அங்குள்ள காட்டு நாய், தூக்கிக்கொண்டு போனது என்றார் தாய். டிவியில் அவர் போதுமான அளவு அழவில்லை என்பது நாட்டுக்கே பெரிய குறையாகிவிட்டது. அசேரியா என்றால் வனாந்தரத்தில் பலி என்று அர்த்தம் என ஒரு வதந்தி வேறு, அது பொய். காருக்குள் சிசுவின் ரத்தம் என்று நிபுணர் சொன்னார், 1982-இல் ஆயுள் தண்டனை. அந்த 'ரத்தத்தில்' ஒரு பகுதி, கார் தயாரிக்கும்போது இரைச்சலைக் குறைக்க அடிக்கும் பூச்சு என்று பிற்பாடு தெரிந்தது. குழந்தை போட்டிருந்ததாகத் தாய் ஆரம்பத்திலிருந்தே சொன்ன சின்னச் சட்டை 1986-இல் டிங்கோக்கள் திரியும் இடத்தில் கிடைத்தது, சில நாளிலேயே அவரை விட்டுவிட்டார்கள். 1988-இல் தீர்ப்பு ரத்து. டிங்கோதான் என்று மரண விசாரணை அதிகாரி முடிவாக எழுதியது 2012-இல். யாராவது "அந்த முகத்தைப் பார்த்தாலே தெரியுதே" என்று ஆரம்பித்தால் நான் இந்தச் சட்டையைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

பெரிய எண் வந்தால் எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாயின் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன, அவரே கொன்றார் என்று வழக்கு. அவருடையது போன்ற வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்க 8,543-இல் ஒரு வாய்ப்பு, ஆகவே இரண்டும் இறக்க அதை அதாலேயே பெருக்கு, ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒன்று என்றார் ஒரு மருத்துவ நிபுணர். ஒரே வீடு, ஒரே பரம்பரை. இரண்டு மரணமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று எப்படிப் பெருக்குவது? அப்புறம், தாய் இரண்டு பிள்ளைகளைக் கொல்வதும் அபூர்வம்தானே, எது அதிக அபூர்வம் என்று ஒப்பிட வேண்டாமா? 1999-இல் தண்டனை பெற்றவரை 2003-இல் விடுவித்தார்கள், மறைக்கப்பட்ட ஒரு கிருமிப் பரிசோதனை முடிவு வெளியே வந்த பிறகு. டிஎன்ஏவும் இதே கதைதான். இத்தாலியின் பெருஜியாவில் நடந்த மெரெடித் கெர்ச்சர் கொலையில், முக்கியத் தடயமாகப் பேசப்பட்ட உள்ளாடைக் கொக்கியை எடுத்தது 46 நாள் கழித்து. எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்பதற்கு முன்னால் எப்போது, எங்கே, யார் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

"அவன் இல்லை என்றால் வேறு யார்?" என்ற கேள்வியில் விழுந்துவிடாதீர்கள். நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை; வேறு கொலைகாரனைப் பிடித்துக் கொடுப்பது உங்கள் வேலை இல்லை. ஆர்வக் கோளாறில் பக்கத்து வீட்டுக்காரர், பழைய வாத்தியார், மாமா என்று யார் பெயரையாவது இழுத்துவிடுவது சுலபம். அவர்கள் உயிரோடு இருக்கிறவர்கள், அவதூறு வழக்கும் உண்டு. அதே மாதிரி, இறந்தவரின் வீட்டாருக்கு "இந்த ஆதாரத்தைப் பார்த்தீர்களா" என்று செய்தி அனுப்புவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எதிராளியிடம் வாதம் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி: எது கிடைத்தால் உங்கள் மனம் மாறும்? "எதுவுமே மாற்றாது" என்று பதில் வந்தால் வணக்கம் வைத்துவிட்டுக் கிளம்புங்கள், நேரம் மிச்சம். அதே கேள்வியை உங்களிடமும் கேட்டு, பதிலைத் தாளின் அடியில் தேதியோடு எழுதி வையுங்கள். புதுத் தீர்ப்போ புதுப் பரிசோதனையோ வரும்போது மாற்றி எழுதலாம், பழையதை அடித்துவிட்டு, ஆனால் படிக்கிற மாதிரி விட்டு. என்னுடைய சையத் தாளில் மூன்று அடித்தல்கள் இருக்கின்றன, 7:09 வரிக்கு எதிரே இன்னும் பென்சிலில் போட்ட கேள்விக்குறிதான்.