மாட்டிக்கொண்டால் முதலில் மூச்சை விடுங்கள்

ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் பாக்சிங் பழகிய தம்பிகள் பிரேசிலியன் ஜூஜிட்சு வகுப்புக்குப் போனால் முதலில் திணறுவார்கள். இதில் குத்து, உதை கிடையாது; எதிராளியைத் தரையில் பிடித்து மடக்குவதுதான் ஆட்டம். எதிராளி மேலே ஏறி அழுத்தும்போது பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொள்வோம்; அதிலேயே பாதி பலம் போய்விடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, மூக்கு வழியாக நீளமாக மூச்சை விடுங்கள், இரண்டு மூன்று தடவை. அப்புறம் இடுப்பை நகர்த்தி இடம் தேடலாம். கழுத்துப்பிடி இறுகினால் உடனே எதிராளி மேலேயோ தரையிலேயோ கையால் தட்டுங்கள்; 'விட்டுவிடு, ஒப்புக்கொள்கிறேன்' என்று அர்த்தம். ரோஷத்தில் தட்டாமல் இருக்கவே இருக்காதீர்கள், தம்பி!

வீட்டில் கோபம் தலைக்கேறும்போதும் இதே மூச்சு கைகொடுக்கும். ஆனால் தூக்கமே வராத அளவுக்கு மனம் கனத்தால் பயிற்சியை மட்டும் நம்பவேண்டாம், 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசி சேவை அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.