காணி அலுவலையும் கசூரினாவையும் கலக்காதீர்கள்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போக எது நல்ல மாதம் என்றால், அவர்களுக்கு எதைக் காட்ட ஆசைப்படுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். தைப்பொங்கலுக்குப் போனால் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி. வெயிலும் கொஞ்சம் இரக்கம் காட்டும், சந்தையில் பனங்கிழங்கும் இருக்கும். வைகாசி, ஆனியில் வெக்கை தாங்காது, ஆனாலும் நுங்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அப்போதுதான். வைகாசி விசாகத்தை ஒட்டி முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் பொங்கல் வரும். கடல்நீரில் விளக்கெரிக்கும் கதையைக் கேட்ட என் மகன், அதை நம்பாமல் வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வந்தான்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலை. அது கழிய ஆறாம் நாள் நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறும், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையும் அதே நேரம் வருவதால் விமானச் சீட்டிலிருந்து வான் வாடகை வரை எல்லாம் ஏறும். கோயில் வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், வயதானவர்கள் நிறைய நடக்கவேண்டிவரும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், பதின்ம வயதுப் பையன்களிடம் இதை வீட்டிலேயே சொல்லிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாரி. வெள்ளத்தில் கால் நனைக்கவும் இரவெல்லாம் தவளைச் சத்தம் கேட்கவும் நல்ல காலம், தீவுப் பயணத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

சரி, இதெல்லாம் யாரும் சொல்லுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஊரில் உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ காணி இருந்தால், அதன் அலுவலையும் பிள்ளைகளின் சுற்றுலாவையும் ஒரே பயணத்தில் வைக்காதீர்கள்.

எங்கள் பயணத்தின் நடுவில் சித்தி, "பிள்ளை, நீ ஒருக்கா வந்து கையெழுத்து வைச்சால் போதும்" என்றார். அம்மாவின் வளவை சித்தியின் மகளின் பெயருக்கு எழுதிக் கொடுக்கவேண்டும், கலியாணப் பேச்சு நடக்கிறது. அந்த "ஒருக்கா" என்ற சொல்லை நம்பாதீர்கள். காணி உறுதியில் (பத்திரத்தில்) அம்மாவின் பெயர் முதலெழுத்தோடு இருந்தது, என் பிறப்புச் சான்றிதழில் அவருடைய தகப்பன் பெயரும் முழுவதாக இருந்தது, அவருடைய மரணச் சான்றிதழில் ஓர் எழுத்தே மாறியிருந்தது. மூவரும் ஒருவரே என்று அரசாங்கத்தை நம்பவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

விதானையார் (கிராம அலுவலர்) குறிப்பிட்ட கிழமைகளில்தான் அலுவலகத்தில் இருப்பார். அவரிடம் கடிதம் வாங்கினால் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வேண்டும். அங்கே இருந்தவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக் கொண்டுவரச் சொன்னார். அதற்கு ஒரு சமாதான நீதவானைத் தேடிப்போனோம். அவர் செத்தவீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த நாள் போயா, அரச விடுமுறை. அதற்கடுத்த நாள், முன்பு பார்த்த உத்தியோகத்தர் லீவு; அவருடைய கதிரையில் இருந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். "நீங்கள் வெளிநாடோ?" என்று அவர் கேட்டதில் கோபம் இருக்கவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

பிறகு உறுதி எழுதும் நொத்தாரிசு வீடு. தேசவழமை என்ற யாழ்ப்பாணத்துச் சட்டப்படி மணமான பெண் தன் காணியை எழுதிக் கொடுக்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றார். கனடாவில் நான் என் பெயரில் வீடு வாங்கி விற்றவள். இங்கே என் தாய் வளவுக்கு என் கையெழுத்து காணாது. என் கணவர் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்னும் மன்னிக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிள்ளைகள் செயலக வளவில் வேப்பமரத்தின் கீழ் இருந்தார்கள். நெடுந்தீவுக் குதிரை காட்டுகிறேன் என்று கூட்டிவந்த பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டியது வாங்குப்பலகையும் வரிசையும். மகள் அந்த இடத்துப் பூனைக்குட்டிகள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள்.

எனவே, காணி இருப்பவர்கள் புறப்படும் முன்பே உறுதி, பிறப்பு, மரண, கலியாணச் சான்றிதழ்களை மேசையில் பரப்பி எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊரில் ஒரு நொத்தாரிசுக்குப் பிரதிகளை முன்கூட்டியே அனுப்பி, என்ன வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் போகாமலே முடிக்கக்கூடியதென்றால், இருக்கும் நாட்டு இலங்கைத் தூதரகத்தில் அற்றோர்னித் தத்துவம் (உங்களுக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) எழுதி நம்பிக்கையானவருக்கு அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள், இரட்டைக் குடியுரிமை இல்லாவிட்டால், பழைய அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டாம்.

இன்னொன்று. உறவினர் காணியைப் பிடித்துவிடுவார் என்ற பயத்தோடு போகிறவர்கள் அதிகம். ஒருவர் உரிமையாளருக்கு எதிராகத் தன்னுடையதென்று 10 வருடம் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கோரச் சட்டத்தில் இடமுண்டு என்பது உண்மை. ஆனால் 1995இல் ஊரோடு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, வருடாவருடம் வேலி அடைத்தவர் சித்தி. அந்த நேரம் நாங்கள் ஸ்காபரோவில் பனி தள்ளிக்கொண்டிருந்தோம். அவர் சட்டம் பேசவில்லை, கையெழுத்துத்தான் கேட்டார். அவர் முன்னால் நின்று நான் நாட்களைக் கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கைப் பார்க்கிற நிலைமையில் உங்களை வைத்துக்கொள்ளாதீர்கள். காணி அலுவலுக்கென்று தனியாக ஒருவர் போங்கள், பிள்ளைகளில்லாமல், திரும்பும் திகதியை நெருக்கிப் போடாமல்.

சுற்றுலாவைப் பொறுத்தவரை, தீவுகளை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள், கடைசிக்கு வைத்தால் ஏதாவது வந்து விழுங்கிவிடும். நயினாதீவு, நெடுந்தீவு இரண்டுக்கும் படகு குறிகட்டுவான் துறையில். நயினாதீவு அரை மணிக்குள், நெடுந்தீவு ஒரு மணி நேரமளவு. காற்றுக் கடுமையானால் படகு ஓடாது, எனவே விடிய வெளிக்கிடும் முன் கேளுங்கள். நெடுந்தீவில் இறங்கியதும் திரும்பும் படகு எத்தனை மணிக்கென்று விசாரித்துவிட்டே குதிரை, பெருக்கமரம் (பாவோபாப்), முருகைக்கல் வேலி எல்லாம் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காரைநகர் கசூரினாக் கடற்கரை போதும், கன தூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர். யாழ் நூலகத்துக்கும் கூட்டிப்போங்கள். 1981இல் அது எரிக்கப்பட்டதைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள், பதிலை யோசித்துவைத்துக்கொண்டு போங்கள்.

வான் பிடிக்கும்போது உங்கள் குடும்பத்துக்கு மட்டும் அளவெடுத்துப் பிடிக்காமல் இரண்டு இருக்கை கூடப் பாருங்கள். நயினாதீவுக்குப் போய் எவ்வளவு காலம் என்று சித்தியிடம் கேட்டேன். கலியாணம் முடித்த வருடம் போனதாம்.