உப்புத் தண்ணிக்கு ஒரு டீ, நல்ல தண்ணிக்கு ஒரு டீ

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு குழாய். ஒன்றில் சிறுவாணி, இன்னொன்றில் போர். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்றுதான் சொல்வோம். எத்தனை அவசரமானாலும் அம்மா உப்புத் தண்ணியில் டீ வைக்க மாட்டார். அந்த வீட்டில் வளர்ந்த நான், லண்டனுக்கு நர்ஸாக வந்த முதல் வருடம் முழுக்க டீத்தூளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல ஸ்ட்ராங்கான டீ வேண்டும் என்று பெட்டி மேல் பெட்டியாக மாற்றினேன். ஒன்றும் திருப்தியாக இல்லை.

கிழக்கு லண்டனில் அப்போது குடியிருந்த வீட்டில், டீ போட்டு ஐந்து நிமிடம் மேசையில் விட்டால் மேலே ஒரு ஏடு படியும். பாலேடு மாதிரி வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, மேலே லேசாக எண்ணெய் மினுக்கம் தெரியும். கரண்டி நுனியால் தொட்டால் வற்றிய குளத்துச் சேறு வெடிப்பது போலத் துண்டு துண்டாகப் பிரியும். குடித்து முடித்தால் கோப்பையின் உள்பக்கம் வளையம் வளையமாகக் கறை. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அந்தக் கால்சியமும் டீயின் துவர்ப்புச் சத்தும் காற்றுப் பட்டுச் சேர்ந்தால் இந்த ஏடு வரும். கோப்பைக்குள் சுவையாக இருக்க வேண்டியதில் ஒரு பங்கு அப்படி மேலே போய் வீணாகிறது.

மூன்று வருடம் கழித்து அயர்லாந்தில் கார்க் நகரத்துக்கு வேலை மாறினேன். லண்டனில் பாதி தீர்ந்திருந்த டீ பெட்டியும் மூட்டையோடு வந்தது. வந்த அன்று மாலை அதே பையை, அதே மக்கில் போட்டேன். டீ செக்கச்செவேலென்று இறங்கியது. ஏடு இல்லை. பால் ஊற்றியதும் புதுச் செங்கல் நிறம். முதல் வாய் குடித்ததும் அம்மாவின் இரண்டு குழாய்தான் நினைவுக்கு வந்தது. ஆகவே இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ தினசரி குடிக்க ஒரு திடமான டீ தேடுகிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னால் கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள் என்பேன். அடியில் வெள்ளையாகக் காரை படிந்திருந்தால் உங்களுக்கு வருவது உப்புத் தண்ணி. இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் தண்ணீர் வழங்கும் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பகுதித் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது எவ்வளவு சுண்ணாம்பு என்ற கணக்கை, போட்டிருப்பார்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் என்றால் நல்ல கடினம். 100க்குக் கீழே என்றால் மென்மை.

லண்டன், கென்ட், எஸ்ஸெக்ஸ், கேம்பிரிட்ஜ் பக்கமெல்லாம் கடினம். மான்செஸ்டருக்கு ஏரி மாவட்டத்து மழைத் தண்ணீர், கிளாஸ்கோவுக்கு 1859 முதல் லாக் கேட்ரின் ஏரி, பெல்ஃபாஸ்டுக்கு மோர்ன் மலை. இவையெல்லாம் சிறுவாணி ஜாதி. அயர்லாந்தில் ஊருக்கு ஊர் மாறும். நடுப்பகுதி சுண்ணாம்புப் பாறை, அங்கே தண்ணீர் கடினம். விக்லோ மலை கருங்கல், அங்கே மென்மை.

தண்ணீர் தெரிந்துவிட்டது என்றால், அடுத்தது ‘ஸ்ட்ராங்’ என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது. நிறம் ஒன்று. நாக்கின் ஓரத்தைப் பிடிக்கிற கடுப்பு இன்னொன்று. வாய் நிறைய நிற்கிற கனம் மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். மிகப் பொடியான தூள், பையில் போட்ட அரை நிமிடத்தில் நிறத்தைக் கக்கிவிடும். பார்க்க டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும், குடித்தால் வெந்நீர்தான். கென்யத் தேயிலை பளிச்சென்ற செந்நிறமும் கடுப்பும் தரும். அசாம் தேயிலை கனமும், வறுத்த தானியம் போன்ற ஒரு மணமும் தரும். இங்குள்ள தினசரி டீயெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டின் கலவைதான். சிலவற்றில் ருவாண்டா, மலாவி, இலங்கைத் தேயிலையும் சேரும். ஏறக்குறைய எல்லாம் சிடிசி முறையில் நசுக்கிச் சுருட்டிய குருணை. 1930களில் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் உருவாக்கிய அந்த இயந்திரம்தான் நம் ஊர் டீக்கடைக்கும் இவர்கள் டீ பைக்கும் பொதுச் சொந்தம்.

உங்கள் தண்ணீர் கடினம் என்றால் கனமான, அசாம் தூக்கலான டீயாகப் பாருங்கள். கென்யாவின் பளிச்சை அந்தத் தண்ணீர் மங்கடித்துவிடும், அசாமின் கனம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். யார்க்ஷயர் டீயில் கடினநீருக்கென்றே தனிப் பெட்டி வருகிறது. அதை விளம்பரம் என்று ஒதுக்க வேண்டாம். அதைத் தயாரிக்கும் ஹாரோகேட் டெய்லர்ஸ் 1886இல் தொடங்கிய கடை, அந்தந்த ஊர்த் தண்ணீருக்குத் தக்கபடி கலந்து விற்றே பெயர் எடுத்தது. வடிகட்டி ஜாடி வைத்துக்கொள்வதும் நல்லதுதான், ஆனால் அதன் கார்ட்ரிட்ஜை மாதம் ஒரு முறை மாற்றுகிறவர்களுக்குத்தான் பலன். தண்ணீர் மென்மையாக இருந்தால் கென்யா தூக்கலான கலவை ஜொலிக்கும். ஒன்றே ஒன்று, மென்மையான தண்ணீரில் சத்து வேகமாக இறங்கும். லண்டனில் ஐந்து நிமிடம் விட்ட பையை அங்கே மூன்றரை, நான்கில் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் தொண்டையைக் கமறும்.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது எடைதான். 80 பை, 250 கிராம் என்றால் ஒரு பைக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். 80 பை, 200 கிராம் என்றால் இரண்டரை. அந்த அரை கிராம் வித்தியாசம் முழு மக்குக்குப் பால் சேர்த்துக் குடிக்கும்போது நன்றாகத் தெரியும். விலையை விட இந்தக் கணக்கு முக்கியம். பெட்டியில் போட்டிருக்கும் ‘எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்’, புள்ளி போட்டுக் காட்டும் திட அளவு எதையும் நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் நான்கு புள்ளிக்கும் இன்னொன்றின் நான்கு புள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. ‘இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்’, ‘ஐரிஷ் பிரேக்ஃபாஸ்ட்’ என்ற பெயர்களுக்கும் கட்டாய விதி எதுவும் கிடையாது. ஐரிஷ் என்றால் அசாம் கூடுதலாக இருக்கும் என்பது வழக்கம், அவ்வளவுதான். இங்கே அயர்லாந்தில் யார் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் பாரிஸ் (Barry's) அல்லது லயன்ஸ் (Lyons) பெட்டிதான் கண்ணில் படும். எந்தக் கட்சி என்று கேட்பது போல எந்த டீ என்று கேட்பார்கள்.

நான் பாரிஸ் கட்சி. கார்க்கில் 1901இல் தொடங்கிய கடை அது. 1985இல் ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அயர்லாந்தின் வெளியுறவு அமைச்சராக இருந்த பீட்டர் பாரி இந்தக் குடும்பத்தவர்தான். புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், கோல்டு பிளெண்ட் என்பது சிவப்புப் பெட்டி. தங்க நிறத்தைத் தேடி அலைய வேண்டாம். பச்சைப் பெட்டி ஒரிஜினல் பிளெண்ட். எனக்குக் கோல்டின் கடுப்புப் பிடிக்கும், அதிகாலை ஷிஃப்டுக்கு அதுதான் சரி. லயன்ஸ் என் நாக்குக்குக் கொஞ்சம் சாது, ஆனால் கடுப்புப் பிடிக்காதவர்களுக்கு நாள் முழுக்கக் குடிக்க ஏற்றது. பெல்ஃபாஸ்டின் புஞ்ஜானா அசாம் கனமும் கென்ய நிறமும் ஒன்றாகச் சேர்ந்த டீ. கிடைத்தால் விடாதீர்கள். இங்கிலாந்தில் எனக்கு யார்க்ஷயர்தான் முதலில், அதில் கோல்டு இன்னும் ஒரு படி மேல். பீஜி டிப்ஸும் டெட்லியும் மோசமில்லை, ஆனால் பால் கொஞ்சம் தாராளமாகப் போனால் இரண்டும் தளர்ந்துவிடுகின்றன. டெட்லி 2000 முதல் டாடாவுடையது. 1953இல் பிரிட்டனுக்கு டீ பையைக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான்.

சரி, என் நாக்கை நம்பி நீங்கள் வாங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று சின்னப் பெட்டி வாங்கி, விடுமுறை நாள் காலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே 240 பை பெட்டி வேண்டாம். மலிவாக இருக்கிறதே என்று ஒருமுறை வாங்கி, ஆறு மாதம் மனமில்லாமல் குடித்துத் தீர்த்திருக்கிறேன். ஒரே மாதிரி மூன்று கோப்பை, ஒவ்வொன்றிலும் ஒரு பை, கொதித்த தண்ணீர் 200 மில்லி, சரியாக ஐந்து நிமிடம். பையை எடுத்ததும் முதலில் பால் இல்லாமல் ஒரு கரண்டி உறிஞ்சிப் பாருங்கள். அப்புறம் மூன்றிலும் ஒரே அளவு, இரண்டு மேசைக்கரண்டி பால். இப்போது நிறத்தைப் பாருங்கள். நல்ல டீயில் பால் விழுந்ததும் செம்மை மேலெழும்பி வரும். சோப்ளாங்கியான டீ சாம்பல் பூத்தாற்போல மங்கும். அந்த மங்கலைக் கண்டால் அந்தப் பெட்டியை மறந்துவிடலாம்.

பால் ஊற்றாமல் கொஞ்சம் தனியே எடுத்து ஆறவும் விடுங்கள். சத்துள்ள டீ ஆற ஆறக் கலங்கி, மோர் கலந்த மாதிரி ஆகும். நிறம் தரும் பொருளும் காஃபினும் சேர்ந்து திரள்வதால் வரும் கலங்கல் அது. டீ சுவைஞர்கள் பார்க்கிற நல்ல அடையாளங்களில் ஒன்று. கடைசி வரை தெளிந்தே நிற்கும் டீயிடம் திடத்தை எதிர்பார்க்க முடியாது.

நல்ல பெட்டி கிடைத்த பிறகும் போடுகிற விதத்தில் கெடுப்பவர்கள் உண்டு. நான் வேலை பார்ப்பது பிரசவ வார்டு. அயர்லாந்தில் பிள்ளை பெற்ற தாய்க்கு முதலில் போவது டீயும் டோஸ்டும்தான், அதற்கு ஈடான டீயை வாழ்நாளில் குடித்ததில்லை என்று பல பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இங்கத்து டீ போடக் கற்றுத்தந்தவர் அந்த வார்டில் தட்டு வண்டி தள்ளிய ஒரு பெரியம்மா. டீயின் மேல் சுண்டெலி ஓடினாலும் முழுகக் கூடாது என்பார், அது இந்த ஊர்ப் பழமொழி. அவர் விதிகள் கொஞ்சம்தான். தண்ணீர் புதிதாகப் பிடித்தது, தளதளவென்று கொதித்தது. ஏற்கெனவே இரண்டு முறை கொதித்து ஆறியதை மறுபடி சூடாக்கக் கூடாது. சுவரில் மாட்டிய வெந்நீர் இயந்திரத்துத் தண்ணீர் வேண்டாம், கொதிநிலைக்குக் கீழேயே நின்றுவிடும். டீ பானையைக் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிச் சூடாக்கிவிட்டு இலை போடு. மக்கில் போடுகிறாய் என்றால் பை உள்ளே இருக்கும்போது பால் ஊற்றாதே. பால் ஊற்றினால் தண்ணீரின் சூடு இறங்கிவிடும், அதன் பிறகு பை எவ்வளவு நேரம் கிடந்தாலும் பயனில்லை. நானும் லண்டனில் பையையும் பாலையும் சேர்த்தே ஊற்றிக்கொண்டிருந்தவள்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. இந்தப் பைகளைப் பிரித்துப் பாலோடு கொதிக்க வைக்காதீர்கள். ஊற வைத்துக் குடிக்கக் கலந்த டீ இது, கொதித்தால் கசப்புதான் முந்தும். இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு நம் டீ வேண்டும் என்று தோன்றுகிற நாளுக்கு இந்தியக் கடையில் டஸ்ட் டீ பாக்கெட் ஒன்று தனியாக வாங்கி வையுங்கள். என் அலமாரியில் இரண்டும் இருக்கின்றன, காலைக்குச் சிவப்புப் பெட்டி, ஞாயிறு மாலைக்கு டஸ்ட். இரண்டையும் அடுப்புக்கு மேலே வைக்காமல், மூடி இறுக்கமான டப்பாவில். கெட்டில் ஆவி பட்டால் ஒரே மாதத்தில் மணம் போய்விடும்.

நர்ஸாகவும் ஒரு வார்த்தை. திடமான டீ சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

போன வாரம் ஈரோட்டுப் பெண் ஒருத்தி கால்வேக்கு வேலைக்கு வந்து இறங்கியிருக்கிறாள். அக்கா, நல்ல டீ எது, பெயரை மட்டும் சொல்லுங்க என்று போன் செய்தாள். கெட்டிலைத் திறந்து உள்ளே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு கண்ணு என்றேன். அனுப்பினாள், அடியெல்லாம் வெள்ளைக் காரை. முதலில் வடிகட்டி ஜாடி ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன், அப்புறம் புஞ்ஜானா.