கார்பன் பின் பம்பர்: முதலில் பொருத்துங்கள், அப்புறம் பலப்படுத்துங்கள்

பம்பருக்கும் வலது ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலே உள்ள உடம்புத் தகடு) நடுவில் என் சுண்டுவிரல் போகும். இடது பக்கம் ஒரு வங்கி அட்டைகூட நுழையாது. நான் முதன்முதலில் மாட்டிய கார்பன் இழைப் பின் பம்பரின் லட்சணம் இது. சாமான் மட்டமில்லை, தப்பு என்னுடையது. பெட்டியைப் பிரித்த ஜோரில் பம்பரைத் தரையில் கவிழ்த்துப் போட்டேன். உள்பக்கம் முழுக்கக் கண்ணாடி இழைத் துணி ஒட்டி, மறுநாள் இறுகிய பிறகுதான் காரில் வைத்துப் பார்த்தேன். தரையில் அது லேசாக முறுக்கிக் கிடந்திருக்கிறது. அந்த முறுக்கலோடேயே கல்லாகிவிட்டது.

புதிய கார்பன் பம்பர் மெல்லிசாக, கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். அந்த நெளிவு நமக்கு வேண்டும், காரின் உடம்புக்கு ஏற்ப வளைந்து உட்கார வைப்பது அதுதான். உட்கார்ந்த பிறகே விறைப்பாக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன.

வாங்கும் முன்

கார்பன் என்ற பெயரில் மூன்று சாமான்கள் விற்கிறார்கள். முதலாவது ட்ரை கார்பன். பிசின் ஊறிய துணியை ஆட்டோகிளேவ் என்ற மூடிய அடுப்பில் அழுத்தமும் சூடும் கொடுத்து எடுப்பது, விலை எட்டாது. இரண்டாவது வெட் கார்பன், அச்சில் துணி விரித்துக் கையால் பிசின் பூசியது. மூன்றாவது, அடியில் ஃபைபர்கிளாஸ், மேலே அழகுக்கு ஒரே ஒரு கார்பன் துணி. உள்பக்கத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ நார் தெரிந்தால் அது மூன்றாவது வகை. அதை வாங்குவதில் தப்பில்லை. கார்பன் விலை கொடுத்து வாங்குவதுதான் தப்பு.

காரில் பிளைண்ட் ஸ்பாட் ரேடார், அதாவது கண்ணாடியில் தெரியாத பக்கத்து வண்டியைக் காட்டிக்கொடுக்கும் கருவி, இருக்கிறதா? பல கார்களில் அது பின் பம்பரின் இரண்டு மூலைகளுக்கும் உள்ளே ஒளிந்திருக்கும். பிளாஸ்டிக் வழியே ரேடார் அலை போகும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால் அலையைத் தடுத்துவிடும். அப்படிப்பட்ட காருக்கு இந்த வேலையே வேண்டாம் என்பேன். ரிவர்ஸ் சென்சார் வேறு கதை. அது துளை வழியே வெளியே எட்டிப் பார்ப்பதால் பிரச்சினையில்லை.

சட்டம். சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் கார் மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி வேண்டாதவை, வேண்டியவை, அறவே கூடாதவை. பட்டியல் ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் இருக்கிறது, பணம் கட்டும் முன் பாருங்கள். பம்பரோடு புகைக்குழாயையும் மாற்ற ஆசைப்பட்டால் அதற்குத் தனி விதிகள் உண்டு. காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள். மோதிய பிறகு சொல்வது எடுபடாது.

எடை குறையும் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். பயணப் பை நிறுக்கும் தராசில் நான் தொங்கவிட்டுப் பார்த்தேன். பழைய பிளாஸ்டிக் 4.8 கிலோ, கார்பன் 3.1 கிலோ, பலப்படுத்திய பிறகு 3.9 கிலோ. மிச்சம் ஒரு கிலோகூட இல்லை. தீவு விரைவுச்சாலையில் 90-ல் போகிறவருக்கு அது எதற்கு? அழகுக்காகத்தான் செய்கிறோம், ஒப்புக்கொள்வோம்.

இடமும் சாமானும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்யாதீர்கள். பிசின் வாடை, தூசி, புகார் எல்லாம் சேர்ந்து வரும். காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பக்கம் தெரிந்த பட்டறை இருந்தால், வேலை குறைவான நாளில் ஒரு மூலை கேளுங்கள். நான் அப்படித்தான் இரண்டு வார இறுதிகளை ஓட்டினேன். வாடகை கோப்பியும் பரோட்டாவும்.

தேவையானவை: 10 மி.மீ. சாக்கெட், பிளஸ் ஸ்க்ரூடிரைவர், கிளிப் பிடுங்கும் பிளாஸ்டிக் நெம்புகோல், மாஸ்கிங் டேப், கூர்மையான கார்பைடு டிரில் பிட், 80-ம் 120-ம் எண் உப்புத்தாள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், எபாக்ஸி பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும், 0.1 கிராம்வரை காட்டும் சின்னத் தராசு, மலிவான பெயின்ட் பிரஷ் நாலைந்து, நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, என்95 முகக்கவசம். கூட ஓர் ஆள். ஒற்றை ஆளாகப் பம்பரைத் தூக்கினால் ஃபெண்டரில் கோடு விழும்.

பழையதைக் கழற்றுதல்

பூட் (டிக்கி) மூடியைத் திறந்து பின்விளக்குகளைக் கழற்றினால் மேல் போல்ட்டுகள் தெரியும். சக்கர வளைவுக்குள் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ, அடியில் பிளாஸ்டிக் கிளிப். எல்லாம் எடுத்ததும் மூலையைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தால் டக் டக் என்று விடுபடும். முழுதாக இழுக்கும் முன் சென்சார், எண்பலகை விளக்கு ஒயர்களைக் கழற்ற மறக்காதீர்கள். கழற்றுமுன் கைப்பேசியில் பத்துப் படம் எடுத்து வையுங்கள்.

உள்ளே ஒரு உலோகச் சட்டமும் அதன்மேல் நுரைக்கட்டையும் இருக்கும். மோதலைத் தாங்குவது அதுதான், பம்பர் வெறும் தோல். புதியது உட்காரவில்லை என்று சட்டத்தை வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். இடித்தால் அந்தப் பம்பரைத் திருப்பி அனுப்புங்கள்.

வெறும் பொருத்தம்

எதையும் துளைக்காமல், ஒட்டாமல், வெறுமனே மாட்டிப் பார்க்கும் கட்டம் இது. மொத்த வேலையில் பாதி நேரம் இதற்கே போகட்டும்.

ஃபெண்டர் ஓரங்களிலும் பூட் மூடியின் கீழ் விளிம்பிலும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். இரண்டு பேர் பிடித்துப் பம்பரை நேராக உள்ளே தள்ளுங்கள். நடுவில் இருந்து தொடங்குங்கள். எண்பலகை நடுவும் பூட் பூட்டின் நடுவும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்து, மேல் விளிம்பை டேப்பால் கட்டுங்கள். அப்புறம்தான் மூலைகள்.

இடைவெளியை அளக்க நான் அட்டைகளைப் பயன்படுத்துகிறேன். ஒரு வங்கி அட்டை ஏறத்தாழ 0.8 மி.மீ. ஐந்து அட்டை சேர்த்தால் 4 மி.மீ. அந்தக் கட்டு இடதிலும் வலதிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி வழுக்கிப் போக வேண்டும். சிக்கும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு, கழற்றி, கட்டையில் சுற்றிய 120 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். ஈரத் தேய்ப்பில் தூசி பறக்காது. கார்பன் தூசி தோலில் அரிக்கும், நெஞ்சுக்கும் ஆகாது, மின்னணுப் பெட்டிகளுக்குள் போனால் ஷார்ட் ஆகவும் வாய்ப்புண்டு. மறுபடி மாட்டுங்கள், மறுபடி பாருங்கள். நான் பதினொரு தடவை ஏற்றி இறக்கினேன். பட்டறை அண்ணன், “என்ன தம்பி, கல்யாணப் பொண்ணுக்கு ஜாக்கெட்டா தைக்கிறே?” என்றார்.

சக்கர வளைவிலும் டிக்கிக்குள்ளும் எட்டிப் பார்த்து, பம்பர் எங்கே காரைத் தொடவே இல்லை, எங்கே கை வைத்தால் உள்ளே போகிறது என்று உள்பக்கம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பின்னால் அதுவே உங்கள் வரைபடம்.

துளைகள்

பழைய பம்பரின் துளைகளை அளந்து குறியிடாதீர்கள். புதியது காரில் இருக்கும்போதே, காரின் துளை வழியே உள்ளிருந்து குறியிடுங்கள். வெளிப்பக்கம் டேப் ஒட்டி, எதிர்ப்பக்கம் மரக்கட்டை அண்டை கொடுத்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். அழுத்தம் கொடுத்தால் பிட் வெளியேறும் இடத்தில் அடுக்கு பிய்ந்து பூப்போல விரியும். துளை போல்ட்டைவிட 1 முதல் 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், கடைசியில் சரிசெய்ய அந்த இடம் வேண்டும்.

பலப்படுத்துதல்

வெறும் பொருத்தம் திருப்தியாக வந்ததும், எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் முடுக்கி, பம்பர் காரிலேயே இருக்கட்டும். சாக்பீஸ் வட்டமிட்ட இடங்களில் கை நுழைகிற வரைக்கும் உள்ளங்கை அளவுத் துணியைப் பிசினில் நனைத்து உள்பக்கம் ஒட்டுங்கள். ஐந்தாறு துண்டுகள் போதும். காரின் பெயின்ட் மீது பிளாஸ்டிக் உறை போட்டு மறைத்துவிடுங்கள். மறுநாள் கழற்றினால் பம்பர் காரில் இருந்த அதே வடிவத்தோடு வரும். அதன் பிறகு தரையில் கவிழ்த்தும் ஒட்டலாம், முறுக்காது.

உள்பக்கத்துக்குக் கார்பன் துணி வாங்க வேண்டாம். நெய்த கண்ணாடி இழைத் துணி போதும். விலை குறைவு, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உலோகத்துக்கும் கார்பனுக்கும் நடுவே திரையாகவும் நிற்கும். ஹார்டுவேர் கடையில் நார் நாராக வெட்டிப் போட்ட பாய் ஒன்று தருவார்கள், அதை வாங்காதீர்கள். அந்த நார்களைக் கட்டியிருக்கும் பசை பாலியெஸ்டர் பிசினில்தான் கரையும், எபாக்ஸியில் சரியாக ஊறாது.

ஒட்டும் இடத்தை 80 எண் தாளால் மினுமினுப்பு போகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடையுங்கள். துணியை முதலிலேயே வெட்டி வரிசையாக அடுக்கி வையுங்கள். பிசின் கலந்த பிறகு கத்தரியைத் தேடினால் தொலைந்தோம். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுற்றிலும் 15 மி.மீ. பெரியது. நெசவு ஒரு அடுக்கில் நேராகவும் அடுத்ததில் சாய்வாகவும் இருக்கட்டும்.

எபாக்ஸியைக் கண்ணளவில் கலக்கக் கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா அளவுக்கா என்று பார்த்துத் தராசில் நிறுங்கள். ஹார்டனர் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பது பொய். பிசுபிசுவென்று அப்படியே நின்றுவிடும். 25 டிகிரியில் 30 நிமிடம் தாங்கும் என்று எழுதியிருந்தால் நம் 31 டிகிரிப் பிற்பகலில் இருபது நிமிடம்தான். அதனால் ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். குவளையில் மிஞ்சியதை அப்படியே விட்டால் தானாகச் சூடேறிப் புகையும். என் முதல் குவளை உருகி வளைந்து, பட்டறைத் தரையில் இன்னும் ஒரு கறையாக இருக்கிறது. அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பி வைத்தால் இந்த வம்பு இல்லை.

துணி எடைக்குச் சமமாகப் பிசின் போதும். பிரஷ்ஷால் தேய்க்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளைத் துணி கண்ணாடிபோல ஆனால் நனைந்தது என்று அர்த்தம், வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே காற்று. மறுநாள் மேலே மெழுகுபோல வழவழப்பாக ஏதோ படிந்திருந்தால் பயப்படாதீர்கள். நம்மூர் ஈரக் காற்றின் வேலை அது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்த்துவிட்டு அடுத்த அடுக்கைப் போடுங்கள்.

எண்பலகைக்குக் கீழே உள்ள நீளமான பகுதிதான் ஓட்டத்தில் அதிகம் அதிரும். அங்கே விரல் தடிமன் நுரைப் பட்டையை ஒட்டி, மேலே இரண்டு அடுக்குத் துணி போர்த்துங்கள். முதுகெலும்பு மாதிரி நிற்கும். பட்டையின் இரண்டு முனைகளையும் சரிவாகச் சீவுங்கள். சட்டென்று முடித்தால் பின்னால் வெடிப்பு அங்கேதான் வரும்.

கடைசி மாட்டல்

இரண்டாவது வார இறுதிவரை இறுக விடுங்கள். ஈரத்தில் கார்பனும் உலோகமும் தொட்டால் உலோகம் அரிக்கும், அலுமினியம் இன்னும் வேகமாக. தொடும் இடமெல்லாம் நைலான் வாஷர், துருப்பிடிக்காத எஃகு போல்ட், அகல வாஷர். பிளாஸ்டிக்கை முடுக்குகிற மாதிரி முடுக்கினால் நொறுங்கும் சத்தம் கேட்கும். வாஷர் அசையாமல் நின்றால் போதும்.

புகைக்குழாய் முனைக்கும் பம்பருக்கும் இடையில் குறைந்தது இரண்டு விரல் இடம் விடுங்கள், உள்பக்கம் வெப்பம் தடுக்கும் அலுமினியத் தாளும் ஒட்டுங்கள். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி சூட்டில் இளகும். வெளிப்பக்கம் புற ஊதா தாங்கும் டூகே கிளியர் கோட் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமில்லாப் பூச்சு) இல்லையென்றால் நம் வெயிலில் மஞ்சளாகிவிடும். எண்பலகை விளக்கு எரிகிறதா, பிரதிபலிப்பான்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று இருட்டில் ஒரு தடவை பாருங்கள். மூன்று வயது தாண்டிய காருக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறையும் பத்து தாண்டினால் ஆண்டுதோறும் சோதனை இருக்கிறது, அங்கே இதெல்லாம் கண்ணில் படும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு போல்ட்டுகளை மறுபடி தொட்டுப் பாருங்கள். அப்புறம் பார்க்கிங். நாம் பின்னோக்கித்தான் நிறுத்துகிறோம், புது பம்பரின் கீழ் உதடு பழையதைவிடத் தாழ்வாக இருக்கும். நிறுத்துமிடக் கர்பில் (ஓரக் கல்விளிம்பு) பட்டால் பிளாஸ்டிக் வளைந்து திரும்பும், கார்பன் தெறிக்கும். எங்கள் புளோக் கார் பார்க்கில் கர்பின் உயரத்தை டேப் வைத்து அளந்தேன், 11 செ.மீ. என் பம்பரின் அடி 14. பாரம் ஏறினால் பின்பக்கம் இன்னும் தாழும். அன்றிலிருந்து டிக்கியில் அரிசி மூட்டை இருந்தால் மட்டும் காரைத் திருப்பி, மூக்கு உள்ளே போகும்படி நிறுத்துகிறேன்.