போடு, எடு, கொட்டு, தள்ளு: ஒன்று முதல் இரண்டு வயது வரை வீட்டு விளையாட்டு

ஒன்றேகால் வயதுக் குழந்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி கரண்டியைக் கீழே போடுகிறது. எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுகிறது. ஏழாவது தடவையில் நமக்குப் பொறுமை போய்விடும். குழந்தைக்கோ அப்போதுதான் ஆட்டம் சூடு பிடித்திருக்கும். கையை விட்டால் கரண்டி விழுகிறது, விழுந்தால் சத்தம் வருகிறது, சத்தம் வந்தால் பெரியவர் குனிகிறார். இது ஒவ்வொரு தடவையும் தவறாமல் நடக்கிறதா என்று அது சோதித்துப் பார்க்கிறது. அதில் அடமோ குறும்போ கிடையாது.

இந்த வயதில் எந்தப் பொம்மை என்பதைவிட எந்தச் செயல் என்பதுதான் கணக்கு. போடுவது, எடுப்பது, நிரப்புவது, கொட்டுவது, திறந்து மூடுவது, தூக்கிக்கொண்டு நடப்பது, தள்ளுவது, ஒளித்து வைப்பது என்று ஏதாவது ஒன்று சில வாரங்களுக்குக் குழந்தையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் சும்மா கவனியுங்கள். எந்த வேலையில் மும்முரமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு அந்த வேலைக்குத் தோதான பொருளைக் கையில் கொடுத்தால் போதும். கண்டதையும் எறிகிற குழந்தைக்குச் சுருட்டிய காலுறைகளும் ஒரு பெரிய கூடையும். இழுத்து இழுத்து வெளியே போடும் குழந்தைக்கு, காலி டிஷ்யூ பெட்டியில் திணித்த ஏழெட்டுத் துணித் துண்டுகள். எதையாவது சுமந்துகொண்டே திரிகிற குழந்தைக்குக் கைப்பிடி வைத்த சின்னப் பை. எறிவதை நிறுத்தச் சொல்வதைவிட எறியத் தகுந்ததைக் கொடுப்பது சுலபம்.

டப்பாவும் மூடியும்

ஒரே ஒரு விளையாட்டைத்தான் செய்துகொடுக்க நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

வாய் அகன்ற, ஒன்றரை லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று. உள்ளே போட, அகன்ற ஜாடிகளின் மூடிகள் ஐந்தாறு, ஒவ்வொன்றும் சுமார் 7 செ.மீ. குறுக்களவு. தண்ணீர் பாட்டில் மூடியும் சோடா பாட்டில் மூடியும் கூடவே கூடாது. அவை 3 செ.மீ. அளவுதான், தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும்.

முதலில் டப்பாவை மூடாமல், மூடிகளை உள்ளே போட்டு வைத்துவிடுங்கள். குழந்தை எடுத்து எடுத்து வெளியே போடும். உள்ளே போடுவது பின்னால்தான் வரும். சிலருக்கு அதற்கே பல வாரங்கள் ஆகும். ‘உள்ளே போடு, உள்ளே போடு’ என்று அவசரப்படுத்த வேண்டாம். வெளியே எடுப்பதே முழு விளையாட்டு. நீங்கள் ஒன்றிரண்டை மெதுவாக உள்ளே போட்டால் போதும், பார்த்துக்கொண்டிருக்கும்.

தானே உள்ளே போட ஆரம்பித்ததும் டப்பாவை மூடி, அதன் மேல்மூடியில் 7 செ.மீ. வட்டமாக ஒரு துளை வெட்டுங்கள். இதற்குள் 6 செ.மீ. பந்து போகும். அது கைவந்த பிறகு இன்னொரு மேல்மூடியில் 8 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள பிளவு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பு முழுவதும் டேப் ஒட்டி, உங்கள் விரலை அழுத்தித் தடவிப் பாருங்கள். உறுத்தினால் இன்னொரு சுற்று ஒட்டுங்கள்.

பிளவில்தான் உண்மையான வேலை இருக்கிறது. குழந்தை ஜாடி மூடியைத் தட்டையாகப் பிடித்துப் பிளவின்மேல் வைத்து அழுத்தும். போகாது. இன்னும் பலமாக அழுத்தும். டப்பாவைத் தட்டும். உங்கள் முகத்தைப் பார்க்கும். பிறகு ஒரு சமயம் மணிக்கட்டு லேசாகத் திரும்பும், மூடியின் ஓரம் பிளவுக்குள் இறங்கும், ‘டக்’ என்று சத்தம். அடுத்த தடவை அந்தத் திருப்பம் மறந்திருக்கும், திரும்பவும் முதலிலிருந்து. அந்த இடைவெளியில் பெரியவர் கை நீட்டி மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் குழந்தை தானாகக் கண்டுபிடிக்க இருந்தது கைநழுவிப் போய்விடும். டப்பா ஆடாமல் பிடித்துக்கொள்வதோடு உங்கள் உதவி நிற்கட்டும். அழுகை வரப்போகிறது என்று தோன்றினால் மட்டும், நீங்கள் வேறொரு மூடியை எடுத்து மெதுவாகத் திருப்பிப் போட்டுக் காட்டுங்கள்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் அளவில்தான். பிளவு 1 செ.மீ. ஆக இருந்தால் பெரியவருக்கே சிக்கும். குழந்தை இரண்டு நிமிடத்தில் டப்பாவை உதைத்துவிட்டுப் போய்விடும். மேல்மூடி தளர்வாக இருந்தால் அதைப் பிடுங்குவதே விளையாட்டாகிவிடும். பதினைந்து மூடி கொடுத்தால் பாதியிலேயே கவனம் சிதறும். தகர டப்பாவில் சத்தம் நன்றாக வரும், ஆனால் வாய் விளிம்பு கையைக் கிழிக்கும். விளிம்பு மடித்து மழுங்கடித்த டப்பா கிடைத்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

தண்ணீரைப்போல ஒரு குழந்தையை இருபது நிமிடம் ஓரிடத்தில் உட்காரவைக்கும் பொருள் வேறு இல்லை. தரையில் பெரிய துண்டை மடித்து விரித்து, அதன்மேல் அகலமான தட்டு அல்லது ஆழமில்லாத தொட்டி. தண்ணீர் 2 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். உள்ளே இரண்டு சின்னக் குவளைகள், ஒரு பெரிய ஸ்பாஞ்சு. அவ்வளவுதான். ஸ்பாஞ்சைக் கடித்துப் பிய்க்கிற குழந்தையாக இருந்தால், அதற்குப் பதில் கைத்துணி. குழந்தை அந்தத் தண்ணீரைக் குடிக்கத்தான் செய்யும். அதனால் சுத்தமான தண்ணீராக இருக்கட்டும், சோப்பு நுரை வேண்டாம்.

முதலில் கையால் அறையும், பிறகு குவளையால் மொள்ளும், பிறகு கவிழ்க்கும். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது கொஞ்சம் பிந்தித்தான் வரும், அதிலும் பாதி வெளியேதான் போகும். தரை வழுக்க ஆரம்பித்துவிட்டால் ஆட்டத்தை முடித்துவிடுங்கள்.

இந்த விளையாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும். வாசல் மணி அடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். சில சென்டிமீட்டர் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும். மூக்கும் வாயும் மறைகிற அளவு இருந்தாலே போதும். சத்தமே வராது. உடம்பின் அளவுக்குத் தலை கனமாக இருப்பதால் வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது. விளையாட்டு முடிந்த அந்த நிமிடமே தட்டையும் வாளியையும் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீரில் ஊறி வீங்கும் ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் வீங்கிக் குடலை அடைக்கும்.

உடம்பை ஆட்டி

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இந்த வயதுக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும். மொத்தமாக அல்ல, நாள் முழுவதும் சிதறி. தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ கட்டிவைத்தபடி ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்கக் கூடாது. ஒரு வயதில் டிவி, செல்போன் திரை வேண்டாம் என்றும், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

நடை பழகும் குழந்தைக்கு நல்ல துணை ஒரு அட்டைப்பெட்டி. குழந்தையின் மார்பு உயரம், உள்ளே 2 அல்லது 3 கிலோ எடைக்குப் பழைய புத்தகங்கள். எடை இல்லாவிட்டால் பெட்டி முன்னால் ஓடிவிடும், குழந்தை முகம் குப்புற விழும். வெறும் காலோடு தள்ளட்டும். விரல்கள் தரையைப் பற்றிக்கொள்ளும், காலுறை வழுக்கும். சக்கரம் வைத்து நடுவில் உட்காரவைக்கும் நடைவண்டி வேண்டாம். அது நடையை முன்னதாக வரவழைப்பதில்லை, படிகளில் உருட்டிவிடும். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது.

மூன்று தலையணைகளைத் தரையில் வரிசையாகப் போட்டால் ஏறி இறங்க ஒரு மலை. ஒட்டிய டேப் கோட்டின்மேல் நடப்பது இரண்டு வயது நெருங்கும்போதுதான் பிடிபடும். படிக்கட்டு இருக்கிற வீட்டில் கதவு போட்டிருந்தாலும் இறங்கப் பழக்கிவிடுங்கள்: வயிற்றைப் படியில் வைத்து, கால் முதலில். ஏறத் தெரிந்த குழந்தைக்கு இழுப்பறைகளும் படிதான். அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள்.

வீட்டு வேலையில் ஒரு பங்கு

துவைக்கப் போகும் துணியைக் கூடையில் போடுவது, ஈரத் துணியால் நாற்காலியைத் துடைப்பது, செருப்பைக் கொண்டுவந்து கொடுப்பது. ஒன்றரை வயதில் ஒரே ஒரு படி உள்ள சொல் புரியும்: ‘இதைக் கூடையில போடு.’ ‘இதைப் போட்டுட்டு அதை எடுத்துட்டு வா’ என்பது இன்னும் எட்டாது. ஐந்து நிமிட வேலை பதினைந்து நிமிடமாகும் என்று கணக்குப் போட்டுத்தான் கூப்பிட வேண்டும். அவசரம் இருக்கிற நாளில் கூப்பிட்டுவிட்டுக் கையிலிருந்து பிடுங்குவதைவிட, கூப்பிடாமல் இருப்பது நல்லது.

கூடவே பேசுங்கள், ஆனால் பரீட்சை வைக்காதீர்கள். ‘இது என்ன? சொல்லு, சொல்லு’ என்றால் வாய் மூடிக்கொள்ளும். கையில் இருப்பதற்குப் பெயர் சொல்லுங்கள்: ‘பந்து. பெரிய பந்து.’ சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனத்தில்தான் ‘ப...’ என்று ஒரு ஒலி வரும். புத்தகமும் அப்படித்தான்: கெட்டி அட்டைப் புத்தகம், இரண்டே நிமிடம், பக்கத்தை அது புரட்டட்டும், அதே புத்தகத்தை நூறு தடவை கேட்டாலும் சரி.

கிரேயான் கொடுப்பதானால் தடிமனானது, ஒன்று மட்டும். தாளின் நான்கு மூலையையும் தரையில் ஒட்டிவிடுங்கள். துண்டாக உடைந்ததை எடுத்துவிடுங்கள்.

எத்தனை பொருள், எது கூடாது

கண்ணில் படும்படி நான்கு முதல் ஆறு பொருள் போதும். மீதியைத் துணி மூடி எடுத்து வைத்து, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளை 4 பொம்மைகளோடும் 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுப் பார்த்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 4 இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள்.

எல்லாம் வாய்க்குப் போகும் காலம் இது. டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. அகலம், அதற்குள் நுழைகிற எதையும் கொடுக்காதீர்கள். ஒரு சாண் நீளத்துக்கு மேல் கயிறு, ஊதாத பலூன், வெடித்த பலூன் துண்டு, சின்னக் காந்தம் எல்லாமே ஆபத்து. பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அழுகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாவும் உப்பும் பிசைந்த களிமண் விளையாட்டைப் பலரும் இந்த வயதிலேயே தொடங்குகிறார்கள். அதில் இருக்கிற உப்பு குழந்தைக்கு மிக அதிகம், வேகாத மாவில் கிருமியும் இருக்கலாம். வாயில் வைக்கும் பழக்கம் ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணைக் கசக்குவது, எடுத்ததை எல்லாம் வீசுவது, தடுக்கித் தடுக்கி விழுவது இவை களைப்பு. இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் தேவை. களைத்திருக்கும்போது புது விளையாட்டை எடுக்காதீர்கள்.

விளையாடும்போது சில விஷயங்கள் உங்கள் கண்ணில்தான் முதலில் படும். ஒன்றரை வயதாகியும் தனியாக நடக்கவில்லை, வேண்டியதையும் வியப்பானதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, முதுகுக்குப் பின்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், காது கேட்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். வந்த சொல்லோ பழகிய செயலோ மறைந்துபோனால் வயது எதுவாக இருந்தாலும் அந்த வாரமே போய்விடுங்கள்.