வழிபாட்டிட வழக்கில் உத்தரவு வரும் நாளில் செய்ய வேண்டியவை

கோயில், பள்ளிவாசல் வழக்கொன்றில் உத்தரவு வந்துவிட்டது என்ற செய்தி காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ எட்டினால், ஊர்ப் பெரியவர்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் அன்று மாலைக்குள் பத்துப் பேருக்கு அதை விளக்க வேண்டியிருக்கும். அவர்களுக்காகவே இந்தக் குறிப்பு.

எந்த நீதிமன்றம், எந்த வகை உத்தரவு, என்ன தேதி என்ற மூன்றையும் முதலில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆணையர் நியமனமும் இடைக்காலத் தடையும் இறுதி முடிவும் பேச்சுவழக்கில் ‘தீர்ப்பு’ என்றே வந்து சேரும். உத்தரப் பிரதேசத்தின் சம்பலில் 2024 நவம்பர் 19 அன்று உரிமையியல் நீதிமன்றம் பிறப்பித்தது, பள்ளிவாசலை ஆய்வு செய்ய வழக்கறிஞர் ஆணையரை அமர்த்தும் உத்தரவு மட்டுமே. இடம் யாருடையது என்று அது தீர்மானிக்கவில்லை. ஆயினும் 24ஆம் தேதி இரண்டாம் முறை ஆய்வு நடந்தபோது மூண்ட கலவரத்தில் உயிர்கள் போயின.

தேதியைப் பார்ப்பது சின்ன வேலையாகத் தோன்றும். அயோத்தித் தீர்ப்பு வெளியான 2019 நவம்பர் 9, சனிக்கிழமை. மறுநாள் மீலாது நபி. காரைக்குடியில் நான் தேநீர் குடிக்கும் கடையில் ஓர் இளைஞர், “அண்ணே, எடத்த மூணாப் பிரிச்சுட்டாங்களாம்” என்று செல்பேசியை நீட்டினார். பக்கத்தில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பழசு, மேல 2010ன்னு போட்டுருக்கு” என்றார். அது அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு 2.77 ஏக்கரை மூன்றாகப் பிரித்த தீர்ப்பு. 2011 மே மாதத்திலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்துவிட்டது.

அடுத்து, தீர்ப்பைக் கடைசியிலிருந்து படியுங்கள். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய 2019 தீர்ப்பில் ஊருக்குச் சொல்ல வேண்டியது இறுதிப் பகுதியில் இருக்கிறது: நிலம் முழுவதும் கோயில் கட்ட மத்திய அரசு அமைக்கும் அறக்கட்டளைக்கு, சன்னி வக்பு வாரியத்துக்கு 5 ஏக்கர் மாற்று நிலம். அதன் பிறகே காரணங்களுக்குத் திரும்புங்கள். பாதி வாக்கியத்தை வெட்டி அனுப்புகிறவர்கள் கைவைப்பது அங்கேதான். பாபர் பள்ளிவாசலுக்கு அடியில் இருந்தது இஸ்லாமியக் கட்டடமன்று என்ற தொல்லியல் முடிவை நீதிமன்றம் ஏற்றது. கோயிலை இடித்துத்தான் பள்ளிவாசல் கட்டப்பட்டது என்று அந்த அறிக்கை நிறுவவில்லை என்றும், நில உரிமையைத் தொல்லியலை வைத்து முடிவு செய்ய இயலாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 1949இல் பள்ளிவாசலுக்குள் சிலைகளை வைத்ததும் 1992இல் அதை இடித்ததும் சட்டவிரோதம் என்பதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு கிடைத்தால் புரிந்துகொள்ள அதைப் பயன்படுத்தலாம். சட்டப்படி செல்லுவது ஆங்கில மூலமே.

இனி என்ன மிச்சம் என்பதையும் கேட்பார்கள். அயோத்தியில் சீராய்வு மனுக்கள் 2019 டிசம்பர் 12 அன்று தள்ளுபடியாயின. இடிப்புக் குற்ற வழக்கு தனியாக நடந்து, 2020 செப்டம்பர் 30 அன்று 32 பேரும் விடுவிக்கப்பட்டனர். இரண்டையும் ஒரே வழக்காகக் குழப்பிப் பேசுவதைப் படித்தவர்களிடமே கண்டிருக்கிறேன். ‘நம்மூரிலும் இப்படி வருமா?’ என்று கேட்டால் 1991ஆம் ஆண்டின் வழிபாட்டுத் தலங்கள் சட்டத்தைச் சொல்லுங்கள்: 1947 ஆகஸ்ட் 15 அன்று இருந்த சமயத் தன்மையை அது காக்கிறது, அயோத்திக்கு மட்டும் பெயர் சொல்லி விலக்களிக்கிறது. அச்சட்டத்தை எதிர்த்த வழக்கில், புதிய வழக்குகளைப் பதிவு செய்யக் கூடாது, நிலுவையில் உள்ளவற்றில் ஆய்வுக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 12 அன்று இடைக்கால உத்தரவிட்டது.

தாசில்தார் கூட்டும் அமைதிக் குழுவுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். அந்த வாரத்து ஊர்வலங்களின் பாதையும் நேரமும் எழுதிய தாள் கையில் இருக்கட்டும். தடை உத்தரவு போடப்பட்டால் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 163ஆம் பிரிவு) எந்த எல்லைக்கு, எதுவரை என்பதை உத்தரவு நகலைப் பார்த்தே சொல்லுங்கள். வாய்மொழியாக வரும்போது ஒரு தெருவுக்கான தடை ஊருக்கே ஆகிவிடும். கடைசியாக, வழக்கு எண், தேதி, முடிவு மூன்றும் அடங்கிய அரைப்பக்கக் குறிப்பை இரு தரப்பினரும் சேர்ந்து எழுதி, ஒரே வாசகத்தைக் கோயில் பலகையிலும் பள்ளிவாசல் பலகையிலும் ஒரே நேரத்தில் ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் ஜும்ஆவுக்கு முன்பே ஒட்டிவிடுவது நல்லது.