உணவுக்குழாயை விரிக்கப் போகும் முன்: இ.பி. பிள்ளையைப் பெற்றவர்களுக்கு

என் மகளுக்கு ரிசஸிவ் டிஸ்ட்ரோஃபிக் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா; சுருக்கமாக இ.பி. எனும் பரம்பரைத் தோல் நோயில் ஒரு வகை. தோலின் மேலடுக்கைக் கீழடுக்கோடு பிடித்துவைக்கும் 7-ஆம் வகைக் கொலாஜன் என்ற புரதம் அவள் உடம்பில் சரியாக உருவாவதில்லை. லேசாக உரசினாலே கொப்புளம். உணவுக்குழாய்க்குள்ளும் அப்படித்தான்: கொப்புளம் ஆறி, தழும்பாகி, வழி சுருங்கிவிடும். பெரும்பாலும் மேல்பகுதியில்தான் சுருங்கும். இட்லியைக்கூடத் தண்ணீர் குடித்துத்தான் இறக்குகிறாள், எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்கிறாள் என்றால் எடை குறையும்வரை காத்திருக்காதீர்கள்.

சுருங்கிய வழியை விரிக்கப் பலூன் முறை செய்வார்களா என்று கேளுங்கள். மயக்கம் கொடுத்து, எண்டோஸ்கோப்பிலோ எக்ஸ்ரே திரையிலோ பார்த்தபடி மெல்லிய கம்பியை இறக்குவார்கள். அதன் வழியாகச் சுருங்கிய பலூனைச் செலுத்தி, குறுகிய இடத்தில் விரிப்பார்கள். பலூன் பக்கவாட்டில் மட்டும் அழுத்தும். பூஜி என்கிற குழாய் உரசிக்கொண்டே உள்ளே போகும்; நம் பிள்ளைகளுக்கு உரசல் ஆகாது.

பலூனை டாக்டர் பார்த்துக்கொள்வார். வெளித்தோலுக்காக நாம்தான் பேச வேண்டும், அதுவும் முன்கூட்டியே. இதை ஒரு தாளில் எழுதி, மயக்க மருந்து டாக்டரிடமும் நர்ஸிடமும் கையில் கொடுங்கள்:

"ஒட்டும் பிளாஸ்திரி வேண்டாம். ஊசியைச் சிலிக்கான் டேப்பாலோ சுற்றுத்துணியாலோ நிறுத்துங்கள். பி.பி. பட்டைக்கு அடியில் பஞ்சு சுற்றுங்கள். ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கிளிப் போதும். ஸ்பிரிட்டைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மாஸ்க் படும் இடத்திலும் உதட்டிலும் வழவழப்பான களிம்பு தடவுங்கள். இழுத்து நகர்த்தாமல் தூக்கி வையுங்கள்."

தவறி ஏதாவது ஒட்டிவிட்டால் பிய்க்க விடாதீர்கள்; பசையை இளக்கும் சிலிக்கான் ரிமூவரால் ஊறவைத்து எடுக்கலாம். ரிமூவரை நானே பையில் கொண்டுபோவேன், கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. வாய் எவ்வளவு திறக்கிறது என்பதையும் மயக்க மருந்து டாக்டர் முன்பே பார்த்துவிட வேண்டும். மூச்சுக்கு டியூப் போடுவதன் சிரமம் அதில்தான் இருக்கிறது.

வெறும் வயிறு: வழக்கமாகத் திட உணவு 6 மணி நேரம், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் நேரமே கணக்கு.

முடிந்ததும் தொண்டை எரியும், அது இயல்பு. ஆனால் நெஞ்சிலோ கழுத்திலோ முதுகிலோ வலி ஏறிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், மூச்சு வாங்கினால், கழுத்து வீங்கித் தொட்டால் நறநறவென்றால், அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். உணவுக்குழாய் கிழிந்திருக்கலாம். விடியட்டும் என்று உட்காராதீர்கள்.

டாக்டர் அனுமதித்ததும் முதலில் ஆறிய திரவம், பிறகு கூழ், குழைந்த தயிர்சாதம். நன்றாக விழுங்க ஆரம்பித்த பிறகும் முறுக்கு, மொறுமொறு தோசை ஓரம் வேண்டவே வேண்டாம். மாதங்களிலோ வருடங்களிலோ மறுபடி சுருங்கலாம். அப்போது மறுபடி விரிக்கலாம். அந்த இடைவெளியை நீட்டிக்கச் சில டாக்டர்கள் கெட்டியாகக் கலந்த புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை விழுங்கக் கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுவிடுங்கள்.